இரும்பு என்று சொன்னேன்

என் டோக்கன் பத்தொன்பது. இப்போதுதான் பதினொன்றைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது நிமிடம், ஆலோசகர் ரோஸ்லின் மேடம் நடுவில் டீ குடிக்கப் போனால் ஐம்பது. அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட வேண்டும். முடிவெல்லாம் நேற்றே செய்தாயிற்று. சொல்லிவிடுவது. காலையில் பல் துலக்கும்போது மறுபடி செய்தேன், பேருந்து ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது இன்னொரு தடவை. ஒரு வரிதானே. மேடம், பதின்மூன்று நாள் மாத்திரை போடவில்லை. எழுதினால் பரீட்சைத் தாளில் அரை வரி. எழுதியே கொடுத்துவிடலாமா என்று யோசித்துக் கைப்பையில் பேனா இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன், இருக்கிறது, கல்லூரியில் கடைசி வருடம் வாங்கியது. பிள்ளை வலது விலாவில் முட்டுகிறது. முழங்காலா, குதிகாலா. முப்பத்தொன்பது வாரம், இனி எந்த நாளும் வலி வரலாம் என்று டாக்டர் சொன்னார், அதனால்தான் இன்று வரச் சொன்னார்கள். இன்று மேடம் எழுதித் தருகிற சீட்டைப் பிரசவ அறையில் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பிறந்த பிள்ளைக்கு ஒரு மருந்தா, இரண்டு மருந்தா என்று தீர்மானிப்பார்கள். ஒழுங்காக மாத்திரை போட்டவளின் பிள்ளைக்கு ஒன்று. சந்தேகம் இருந்தால் இரண்டு. என் புத்தகத்தில் சந்தேகமே கிடையாது. பச்சை அட்டை போட்ட அந்தப் புத்தகத்தில் எல்லா மாதமும் நூறு சதவீதம், நூறு, நூறு. மேடத்தின் கையெழுத்து அழகு, அந்த நூற்றின் இரண்டு சுழியும் முத்து மாதிரி இருக்கும்.

எதிர் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துணிப்பை, பையில் வெந்நீர், ஒரு பொட்டலம் சேவு, வலி வந்தால் மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு சேலை. அவள் தலைக்கு நேர் மேலே பெரிய பலகை. கூட்டு மருந்து சிகிச்சை மையம் என்று நீல எழுத்தில், கீழே சிவப்பில் எச்.ஐ.வி. என்ற மூன்று எழுத்தும் சேர்ந்த ஒரு நீளமான வரி. அம்மா அதன் கீழேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "இது எதுக்குத் தாயி, பிரசவ ஆஸ்பத்திரி அங்கிட்டுல்ல இருக்கு?" என்று வாசலில் கேட்டாள். "இங்க ரத்தம், சத்தெல்லாம் பார்ப்பாங்கம்மா" என்றேன். சரி என்று வந்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கி என்னைப் படிக்கவைத்தவள், கல்லூரி விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்தபடி, "இனிமே எனக்கு நீ வாசிச்சுச் சொல்லணும்" என்றவள். நான் பஸ் போர்டு வாசித்துச் சொன்னேன், ரேஷன் கடைச் சீட்டு வாசித்துச் சொன்னேன், கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் இருந்த பி.எஸ்ஸி.யை மூன்று தடவை வாசித்துச் சொன்னேன். இந்தப் பலகையை வாசித்துச் சொல்லவில்லை. அவளுக்குப் படிப்பு இல்லாததை என் வசதிக்கு எடுத்துக்கொண்ட நாள் இது. இல்லை, இது முதல் நாள் இல்லை. முதல் நாள் அந்த மாத்திரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு இரும்பு என்று சொன்ன நாள்.

பன்னிரண்டு. ஒரு தாத்தா எழுந்து போகிறார், சட்டைப்பையில் மாத்திரைக் குப்பி குலுங்குகிறது. அந்தச் சத்தம். புதிதாக வருகிறவர்களுக்கு மேடம் முதலில் சொல்லித் தருவது மாத்திரை போடுகிற நேரம், இரண்டாவது குப்பிக்குள் பஞ்சு வைக்கிற விதம். பஞ்சை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், நடந்தால் சத்தம் கேட்கும், யாராவது என்ன என்று கேட்பார்கள். எனக்கு மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தபோது தெரிந்தது. எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுப்பதுதான், நம்பிக்கை மையம் என்று போட்டிருந்த அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள், மறுநாள் கணவர் காளிராஜைக் கூட்டிவரச் சொன்னார்கள், அவருக்கும் இருந்தது. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், விரல் இடுக்கில் எப்போதும் மை, அன்றைக்கு அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததில் நெற்றியில் நீலமாக ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நாள் என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்க, ஒரு நாளைக்கு ஒன்று, ஒரே நேரத்தில். ஒழுங்காகப் போட்டால் கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும், பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மதிப்பெண் மாதிரி இருந்தது. நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை, இதையும் நன்றாகச் செய்துவிடுவேன் என்று நினைத்தேன். செய்தேனே. ராத்திரி எட்டு மணிக்கு அலாரம். எட்டாவது மாத முடிவில் எடுத்த பரிசோதனையில் கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்தது. அந்தத் தாளைப் பட்டச் சான்றிதழ் வைத்திருக்கிற கோப்பிலேயே வைத்தேன். இப்போதும் எல்லோரும் அந்தத் தாளைத்தான் நம்புகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ரத்தம் எடுத்த நாளில் அது உண்மை.

அடுத்த வாரம் வளைகாப்பு. மதினி இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏற்றிவிட்டு, "இனி உங்கம்மா பாடு" என்று சிரித்தார். அம்மா வீடு ஒற்றை அறை. பீரோ இல்லை, பூட்டு இல்லை, எதை எங்கே வைத்தாலும் அம்மாவின் கண்ணில் படும். குப்பியோடு கொண்டுபோனால் கேள்வி வரும், மேலே ஒட்டிய தாளை அவளால் வாசிக்க முடியாது, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது, "இதென்னன்னு பாரு பாப்பா" என்று அம்மா நீட்டினால் முடிந்தது. அதனால் குப்பியில் மிச்சம் இருந்த மாத்திரைகளை, சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை போட்டுத் தந்த காகித உறைக்கு மாற்றினேன். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. படித்தவள் யோசனை. அம்மா உறையைத் திறந்து பார்த்து, "இரும்பு மாத்திரை சிவப்பால்ல இருக்கும்?" என்றாள். "இது புதுசும்மா, இப்ப வெள்ளையா வருது." எவ்வளவு இயல்பாக வந்தது. ஐந்து நாள் போட்டேன். எட்டு மணிக்கு அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருப்பாள், அலாரம் அடிக்கும், ஒரு வாய்த் தண்ணீர். ஆறாம் நாள் உறை இருந்த இடத்தில் உறை இல்லை. "அதையா தேடுத? கழிச்சுக்கட்டிட்டேன்" என்றாள் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் கூட அடுக்குகிற யாரோ சொன்னாளாம், இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும், தலையும் பெருத்துப்போகும், பிரசவம் கஷ்டம் என்று. "முருங்கைக் கீரை ஆக்கித் தாரேன், பேரீச்சம்பழம் வாங்கித் தாரேன், அந்தக் கருமம் எதுக்கு? சாக்கடையில கொட்டிட்டேன்." பதின்மூன்று. எனக்கு உடனே எண்ணிக்கை தெரியும், காலையில்தான் உறையில் மிச்சம் இருந்த மாத்திரைகளை எண்ணியிருந்தேன்.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மேடத்தின் நம்பர் கைபேசியில் இருக்கிறது. மாத்திரை தொலைந்துவிட்டது என்றால் மறுநாளே வந்து வாங்கிக்கொள் என்பார்கள், திட்டினாலும் தருவார்கள். காளிராஜிடம் சொல்லியிருந்தால் லீவு போட்டு வாங்கி வந்திருப்பார். அன்று ராத்திரி ஒன்றும் செய்யவில்லை, நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு அலாரம் அடித்தது, நிறுத்தினேன், அதற்கடுத்த நாள் அலாரத்தையே எடுத்துவிட்டேன். அவர் போனில் "போட்டியா?" என்பார். "போட்டாச்சு." பதின்மூன்று தடவை போட்டாச்சு. இதுவரைகூடச் சொல்லிவிடலாம், மறதி, பயம், அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற தவிப்பு, யாரும் நம்புவார்கள். யாரிடமும் சொல்ல முடியாதது அதற்கு அப்புறம் இருப்பது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக எட்டு மணி வெறும் எட்டு மணியாக வந்து போயிற்று. அம்மா தலையில் எண்ணெய் வைத்தாள், காலைத் தூக்கி என் மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள், தெருப் பெண்கள் வந்து வயிற்றைப் பார்த்துப் பையனா பெண்ணா என்று சண்டை போட்டார்கள், நானும் சிரித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, நான் பிள்ளை உண்டான ஒரு சாதாரணப் பெண், அவ்வளவுதான். அந்தச் சுகத்துக்கு நான் கொடுத்தது என்னுடையது இல்லை, இதோ விலாவில் முட்டுகிறதே, இதனுடையது. அது என்ன கேட்டது என்னிடம்.

பதினான்கு. பதின்மூன்றாம் நம்பர் ஆள் வரவில்லை போல. போன தடவை இதே பெஞ்ச், அம்மா இல்லாமல் தனியாக. குப்பி காலி, நாளும் சரி. மேடம் குப்பியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். முப்பது நாள், முப்பது மாத்திரை, மிச்சம் பூஜ்யம், நூறு சதவீதம். சாக்கடை என் கணக்கைச் சரிசெய்து கொடுத்திருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு முன்னால் சடையம்மா. செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவள், இரண்டாவது பிள்ளை, வயிறு இறங்கி எந்த நிமிடமும் என்கிற மாதிரி இருந்தாள். அவள் குப்பியில் நான்கு மாத்திரை கூடுதலாக இருந்தது. "சூளை மாறிப் போனோம் மேடம், மூட்டைக்குள்ள குப்பி எங்க இருக்குன்னே தெரியல, நாலு நாளு போடல" என்று சொல்லிவிட்டாள். மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டாவது பிள்ளை, இன்னும் உனக்குச் சொல்லித் தரணுமா? இந்தா, முனீஸ்வரியைப் பாரு. முதல் பிள்ளைதான். ஒரு மாத்திரை விட்டிருக்காளா? படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்." சடையம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொறாமையோ கோபமோ இல்லை, ஏதோ என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அவளால் அந்த நான்கையும் வருகிற வழியில் எறிந்திருக்க முடியும். அது அவளுக்குத் தோன்றவில்லை.

"யக்கா, செத்தத் தள்ளி உக்காருங்க." குரல் கேட்டு நிமிர்ந்தால் அவளேதான், நினைத்துக்கொண்டிருந்தால் வந்து நிற்பது போல. கையில் பிள்ளை. வெள்ளைத் துணிக்குள் சுருட்டி, மூக்கு மட்டும் தெரிகிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், நான் தலையை ஆட்டினேனா, கண்ணால் ஏதாவது காட்டினேனா, தெரியவில்லை, அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். புரிந்துவிட்டது. இங்கே வருகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். அம்மா அதற்குள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "எத்தனை நாளாச்சு?" "இருவத்திரண்டு, யக்கா." "சிங்கக்குட்டி. எங்க வீட்டுலயும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, அந்தா உக்காந்திருக்காள்ல, எம்மக. டிகிரி முடிச்சவ." சடையம்மா பையிலிருந்து இரண்டு சிறிய பாட்டிலை எடுத்து, ஊசி இல்லாத ஊசிக்குழலில் ஒன்றை உறிஞ்சிப் பிள்ளையின் கடைவாயில் விட்டாள், பிறகு மற்றதை. "இம்புட்டூண்டு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு மருந்து?" என்றாள் அம்மா. "ஒண்ணு எங்கப்பன் வீட்டுச் சீரு, ஒண்ணு மாமியா வீட்டுச் சீரு" என்றாள் சடையம்மா. அம்மா சத்தமாகச் சிரித்தாள், வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டு மருந்து. நான்கு நாள் விட்டேன் என்று சொன்னதால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது பாட்டில் கிடைத்திருக்கிறது. திட்டு வாங்கி அதை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் பாராட்டு வாங்கிக்கொண்டு என் பிள்ளையை ஒரு பாட்டிலோடு நிறுத்தப்போகிறேன்.

"நீ நல்லா மாத்திரையெல்லாம் தின்னியோ, பிள்ளை கறுத்திருக்கு" என்று அம்மா அந்தப் பிள்ளையின் காது மடலைத் தடவிப் பார்க்கிறாள். "நான் எம்மகளைத் திங்க விடல. வெள்ளையா ஏதோ இரும்பு மாத்திரைன்னு வச்சிருந்தா, ஒரு உறை நிறைய. அப்படியே சாக்கடையில கொட்டிட்டேன்ல." பெருமையாகச் சொல்கிறாள். சடையம்மாவின் கை பாட்டிலை மூடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். வெள்ளையாக, ஒரு உறை நிறைய. அவளுக்குத் தெரியாதா அது என்ன என்று. நான் தரையைப் பார்த்தேன். தரையில் யாரோ சிந்திய டீ, அதில் எறும்பு. இப்போது எழுந்து கத்துவாள், அன்றைக்கு இவளைக் காட்டித்தானே என்னைத் திட்டினீர்கள் என்று உள்ளே போய்ச் சொல்வாள், சொல்லட்டும், சொன்னால் நான் சொல்ல வேண்டியதில்லை. பாருங்கள், அதற்கும் இன்னொருத்தியைத்தான் எதிர்பார்க்கிறேன். அவளோ, "கறுப்பா இருந்தா என்னக்கா, நோய்நொடி இல்லாம இருந்தாச் சரி" என்று மட்டும் சொன்னாள், அம்மாவிடம்தான் சொன்னாள்.

பதினேழு. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. பதின்மூன்று நாள்தானே, அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் ஒன்று விடாமல் போட்டிருக்கிறேன், குப்பியை என் உள்பாவாடைக்குள் சுருட்டி வைத்து, கொல்லைக்குப் போகிற சாக்கில். கிருமி மறுபடி அடங்கியிருக்கும். நூற்றில் ஒன்றுக்கும் கீழே என்றால் என்ன, முக்கால், அரை. நான் கணக்குப் படித்தவள், நூறு பிள்ளையை வரிசையாக நிற்கவைத்துப் பார்க்கிறேன், எல்லாப் பிள்ளைக்கும் அம்மாவின் மூக்கு, அதில் எது அந்த ஒன்று என்று தேடுகிறேன். ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டு எடுப்பார்கள். அந்தக் குதிகால்தான் இப்போது முட்டுவது. சொல்லாவிட்டாலும் நல்லபடியாகவே வரலாம், வந்தால் யாருக்கும் தெரியாது, நூறு நூறாகவே இருக்கும். அப்படி வந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்த அதே நொடியில் சடையம்மாவின் பிள்ளை மருந்து கசந்து முகத்தைச் சுளித்தது, அம்மா சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்தாள், "முழுங்கிரு ராசா, முழுங்கிரு" என்றாள்.

பதினெட்டு போனவர் வந்துவிட்டார். பத்தொன்பது. எழுந்திருக்க இரண்டு கையும் பெஞ்சில் ஊன்ற வேண்டியிருந்தது, வளையல் எல்லாம் ஒரே சத்தம். "வாம்மா முனீஸ்வரி. மூச்சு வாங்குதா? குப்பியைக் குடு." மேடம் மூடியில் கொட்டி எண்ணினார். நான்கு. இருபத்தாறு நாள், இருபத்தாறு மாத்திரை. "உன்கிட்ட ஒண்ணு பிசகாது" என்று சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். "ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார், ஆனால் பேனா அதற்குள் இல்லை என்பதன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அம்மா தூக்கி எறிந்துவிட்டார்கள் மேடம். நாக்கில் அதுதான் வந்து நின்றது. அது உண்மையும்கூட. ஒரு வார்த்தை பொய் இல்லை, மேடம் நம்புவார், அய்யோ பாவம் என்பார், படிக்காத ஜனம் என்பார், இரண்டு மருந்தும் எழுதிவிடுவார். கதவுக்கு வெளியே அம்மா எதற்கோ சிரிப்பது கேட்டது. "நான் போடல மேடம்" என்றேன். "இன்னைக்கா? இன்னைக்கு ராத்திரிதானே." "போன குப்பியில. வளைகாப்பு முடிஞ்சு. பதின்மூணு நாள்." மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணிக்கை சரியா இருந்துச்சே." "கையில மாத்திரை இல்லாம போச்சு. உங்களுக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணல." "ஏன்?" தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நல்லா இருந்துச்சு மேடம்" என்றேன். "மாத்திரை இல்லாம, அந்த நாளெல்லாம் நல்லா இருந்துச்சு." அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், சடையம்மாவைத் திட்டியதைவிட இரண்டு மடங்கு. திட்டவில்லை. பச்சைப் புத்தகத்தைத் திருப்பி அந்த மாதத்து நூற்றைப் பார்த்தார். "அவளையில்ல அன்னைக்கு அந்தத் திட்டு திட்டினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நூற்றின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு வேலையாக, வேகமாகப் பேசினார். மறுபடி ரத்தம் எடுப்போம், முடிவு வருவதற்குள் பிரசவம் ஆனாலும் ஆகிவிடும், அதனால் டாக்டரிடம் சொல்லி இப்போதே பிள்ளைக்கு இரண்டு மருந்தும் எழுதி வாங்கிவிடுகிறேன், வலி வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காதே. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் முந்தியே பார்த்திருக்கலாம் இல்ல?" இருக்கலாம். அந்த ஒரு மாதம் எங்கே போகும். எங்கும் போகாது, பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கிறவர் வளையலை மேலே ஏற்றச் சொன்னார், ஏறவில்லை, கை வீங்கியிருக்கிறது, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி நரம்பைத் தேடினார். எடுத்து, பஞ்சை வைத்து, மடக்கிப் பிடிம்மா என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிமிர்ந்தால் அம்மா வாசலில். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "எதுக்கு மறுபடி ரத்தம்? போன வாரம்தானே பிரசவ ஆஸ்பத்திரியில எடுத்தாக?" நான் பதில் சொல்வதற்குள் அவள் முகம் மாறியது, இவ்வளவு நேரம் சிரித்த முகம், ஒரு நொடியில் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. "சத்துப் பத்தலையாமா? ஏ பிள்ள. நான் அந்த மாத்திரையக் கொட்டினேனே, அதனாலயா?" உள்ளே வந்துவிட்டாள். "எந்தப் பாவி சொன்னதையோ கேட்டு, எம்பேரப்பிள்ளைக்கு நானே…" "இல்லம்மா. நான்தான் சாப்பிடல." அது அவள் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்து, பஞ்சின் மேல் தன் கட்டைவிரலை வைக்கப் போனாள். பஞ்சின் நடுவில் சிவப்பு ஊறியிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் விரல் அப்படியே காற்றில் நின்றது. என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சின்ன வயதில் விழுந்து முட்டி உடைத்து வந்தால் எச்சில் தொட்டு வைத்த விரல் அது. வெளியே பத்தொன்பது முடிந்து இருபதைக் கூப்பிட்டார்கள். கதவுப் பக்கமாகச் சடையம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வந்தாள், எங்களைப் பார்த்தாள், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

"உக்காரும்மா" என்றேன். "அது இரும்பு மாத்திரை இல்ல."